நோயாளியிடம் எப்போது பணம் கேட்பது?

மருத்துவத்தைச் சந்தையின் கையில் விடுவதா, வரிப்பணத்தில் அரசே நடத்துவதா என்ற விவாதம் எழும்போதெல்லாம், மருத்துவமனையை யார் நடத்துகிறார்கள் என்பதிலேயே பேச்சு போய் நின்றுவிடுகிறது. அரசு மருத்துவமனையின் நெரிசலை ஒருவர் சொல்வார். தனியார் மருத்துவமனையின் கட்டணச் சீட்டை இன்னொருவர் எடுத்துக் காட்டுவார். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த விவாதத்தை நெடுநாளாகக் கவனித்துவரும் எனக்கு, கட்டடம் யாருடையது என்பதற்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது: பணம் எப்போது, யாரிடம் கேட்கப்படுகிறது? எல்லோரும் நலமாக இருக்கும் காலத்தில், அவரவர் வருமானத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்து வைக்கலாம். அல்லது ஒருவர் நோயில் விழுந்த அன்று, அவரிடம் மட்டும், மொத்தமாகக் கேட்கலாம். எந்த நாட்டின் மருத்துவ அமைப்பும் இவை இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தில் நிற்கிறது. அந்த இடம் எது என்பதைப் பொறுத்தே, அங்கு நோயுறும் ஒரு குடும்பம் கடனில் மூழ்குவதும் மூழ்காதிருப்பதும் பெரும்பாலும் அமைகிறது.

சந்தையை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்காகச் செய்துகொள்ளும் லேசிக் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். அதைச் செய்துகொள்ள விரும்புபவருக்கு அவசரம் எதுவும் இல்லை. நான்கு இடங்களில் விலை கேட்கலாம், செய்துகொண்டவர்களிடம் விசாரிக்கலாம், பிடிக்காவிட்டால் பழைய கண்ணாடியோடு வீடு திரும்பலாம். எனவே மருத்துவமனைகள் விலையை வெளிப்படையாகச் சொல்கின்றன, ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன, கருவிகளைப் புதுப்பிக்கின்றன. பற்களைச் சீராக்குவது, அழகுக்கான அறுவை சிகிச்சை ஆகியவற்றிலும் ஏறத்தாழ இதே நிலைதான். வாங்குபவருக்கு நேரமும் மாற்று வழியும் விளைவைப் பற்றிய ஓரளவு தெளிவும் இருக்கும் இடத்தில் சந்தை தன் வேலையை நன்றாகவே செய்கிறது, அங்கே அரசு தலையிட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் குடும்பங்களைச் சாய்க்கும் மருத்துவச் செலவு இவற்றிலிருந்து வருவதில்லை. என் பெரியம்மா கடுமையான மூச்சுத் திணறலோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரவில், அவருடைய மகனான அண்ணனோடு நானும் இருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு வந்த மருத்துவர், ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே போகிறது, வென்டிலேட்டர் வைக்க வேண்டி வரலாம், அதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் நல்லது என்று மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்தார். செவிலியர் ஒரு ஒப்புதல் படிவத்தையும் உத்தேசச் செலவுத் தாளையும் பேனாவோடு நீட்டினார். படுக்கைக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு, வென்டிலேட்டருக்கு இவ்வளவு, ஆய்வகத்துக்கு இவ்வளவு, ஊசி மருந்துகளுக்கும் கையுறை போன்ற பொருட்களுக்கும் உத்தேசமாக இவ்வளவு என்று அந்தத் தாளில் வரிவரியாக எழுதியிருந்தது. அண்ணன் இரண்டில் எதையும் படிக்கவில்லை. "நீங்களே பாத்து என்ன செய்யணுமோ செய்யுங்க டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதன்பின் அவர் கேட்ட ஒரே கேள்வி, "இன்னைக்கு ராத்திரிக்குள்ள எவ்வளவு கட்டணும்?" என்பதுதான்.

அந்த மருத்துவர் நேர்மையானவர், பெரியம்மாவுக்குத் தேவையானதையே செய்தார் என்று நான் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையைத் தவிர அதற்கு வேறு உறுதி எதுவும் என்னிடம் இல்லை. அந்தத் தாளில் எந்த வரி தேவை, எது தேவையில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், அந்த வரிகளால் வருமானம் பெறும் நிறுவனத்தைச் சேர்ந்தவராக இருந்தார். சந்தையில் வாங்குபவர் என்று நாம் யாரைச் சொல்கிறோமோ, அவரிடம் இருக்க வேண்டிய எதுவும் அண்ணனிடம் அன்று இல்லை. பொருளைப் பற்றிய அறிவு இல்லை, வேறு கடைக்குப் போகும் வழி இல்லை, வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஏட்டில் மட்டுமே இருந்தது.

இதைப் பொருளியலின் மொழியில் முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ. 1963இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மருத்துவப் பொருளியல் என்ற துறைக்கே தொடக்கம் என்று கருதப்படுகிறது. 1972இல் நோபல் பரிசு பெற்ற அவர், சந்தை எந்த நிபந்தனைகளில் சிறப்பாக இயங்கும் என்பதைக் கணித முறையில் நிறுவியவர்களுள் ஒருவர். ஆகவே சந்தையின் எதிரி என்று அவரை யாரும் ஒதுக்கிவிட முடியாது. நோய் எப்போது வரும் என்று தெரியாது, வந்தபின் எந்தச் சிகிச்சை பலிக்கும் என்பதும் உறுதியில்லை, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே அறிவில் பெரும் இடைவெளி இருக்கிறது, எனவே சாதாரணப் பொருட்களுக்கான சந்தை விதிகள் இங்கே செல்லுபடியாவதில்லை என்று அவர் காட்டினார். ஒரு வணிகரைப் போல நடந்துகொள்ளும் மருத்துவரை நாம் ஏற்பதில்லை என்ற சமூக எதிர்பார்ப்புகூட இந்தக் குறையை ஈடுகட்ட உருவானதுதான் என்பது அவருடைய வாதம்.

மில்டன் ரோமர் என்ற ஆய்வாளர், அதே காலகட்டத்தில், மருத்துவமனைப் படுக்கைகள் எங்கே கூடுகின்றனவோ அங்கே உள்நோயாளிகளும் கூடுகிறார்கள் என்று கவனித்தார். செலவை வேறொருவர் ஏற்கும்போது, கட்டிய படுக்கை காலியாக இருப்பதில்லை. தேவையைத் தீர்மானிப்பவரே அதை நிறைவேற்றிப் பணமும் பெறும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பிரசவம் இன்றும் சான்றாக இருக்கிறது. இந்தியாவில் 2019-21ஆம் ஆண்டுகளுக்கான தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அரசு மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 14.3 சதவீதமும் தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதமும் அறுவை சிகிச்சை மூலம் நடந்தன. பிரேசிலின் தனியார் துறையில் இது 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு வருமானம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தாய்மாரின் வயது, விருப்பம், அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை வசதி போதாமை ஆகியவையும் இதில் உண்டு. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பெண்களின் உடல்நிலை விளக்காது.

கைக்காசு கொடுப்பதால்தான் சிக்கல், தனியார் காப்பீடு இருந்தால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். காப்பீடும் நலமாக இருக்கும்போது பணம் சேர்க்கும் வழிதானே? ஆம், ஆனால் கட்டுப்பாடில்லாத சந்தையில் காப்பீட்டு நிறுவனத்துக்கு லாபம் தரும் வழி, நோயாளியைக் குணப்படுத்துவதைவிட நோயாளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பிரீமியம் உயரும், அல்லது காப்பீடே மறுக்கப்படும். இன்னொரு பக்கம், தனக்கு நோய் வரும் என்று எதிர்பார்ப்பவர் ஓடிவந்து சேர்வார், நலமாக இருக்கும் இளைஞர் சேர மாட்டார். இதனால் பிரீமியம் ஏற, ஏற்றத்தைப் பார்த்து நலமானவர்கள் மேலும் விலக, காப்பீட்டில் சேர்ந்தவர்களின் தொகுப்பே குலையும். கெட்ட மனம் படைத்த யாரும் இல்லாமலேயே இது நடக்கும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அமெரிக்காவைச் சந்தை மருத்துவத்தின் இலக்கணமாகக் காட்டுவது இரு தரப்பிலும் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது ஒரு விபத்தின் மேல் கட்டிய கட்டடம். இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் ஊதிய உயர்வுக்குத் தடை விதிக்கப்பட்டபோது, ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் மருத்துவக் காப்பீட்டைச் சலுகையாக வழங்கத் தொடங்கின. 1954இன் வரிச் சட்டம் அதற்கு நிலையான வரிவிலக்கு அளித்தது. இதனால் மருத்துவம் வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர்களும் ஏழைகளும் வெளியே நின்றார்கள், அவர்களுக்காக 1965இல் மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசுத் திட்டங்கள் வந்தன. 1986இல், பணம் கட்ட முடியாதவரையும் அவசர சிகிச்சைப் பிரிவில் பரிசோதித்து, உயிராபத்து நீங்கும்வரை கவனித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். சந்தையில் மிகுந்த பற்றுக்கொண்ட ஒரு நாடும், காசு இல்லாதவரை வாசலில் சாகவிட மனம் ஒப்பவில்லை. மனிதத்தன்மை உள்ள எந்தச் சமூகமும் அங்கேதான் வந்து நிற்கும் என்பதால், யாரோ ஒருவர் அந்தச் செலவை ஏற்றாக வேண்டும், அதைத் திட்டமிட்டு ஏற்பதா, குழப்பத்தில் ஏற்பதா என்பது மட்டுமே மீதமிருக்கும் தேர்வு. அமெரிக்கா குழப்பத்தைத் தேர்ந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் 17 சதவீதம் அளவுக்கு மருத்துவத்துக்குச் செலவிட்டும், மற்ற செல்வந்த நாடுகளைவிட அங்கே சராசரி ஆயுள் குறைவு. காப்பீட்டை விரிவாக்க வந்த 2010இன் சட்டத்துக்குப் பிறகும் கோடிக்கணக்கானோர் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள்.

கட்டுப்பாடில்லாத சந்தையை உண்மையில் பார்க்க வேண்டுமென்றால், அரசு நிதியும் காப்பீடும் எட்டாத ஏழை நாடுகளைத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கைக்காசில் செய்யும் மருத்துவச் செலவால் சுமார் 200 கோடிப் பேர் பொருளாதார நெருக்கடிக்கு ஆளாகிறார்கள். அவர்களில் சுமார் 100 கோடிப் பேர், குடும்பச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்கே கொடுக்கிறார்கள்.

இலவசம் என்றால் மக்கள் தேவையில்லாமல் மருத்துவமனைக்கு ஓடுவார்கள் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்த விரும்பவில்லை, ஏனென்றால் அதற்கு வலுவான சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் 1974 முதல் 1982 வரை ஒரு பெரும் ஆய்வை நடத்தியது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவச மருத்துவமும், மற்றவர்களுக்குச் செலவின் 25, 50, 95 சதவீதம் என ஒரு பங்கை அவர்களே ஏற்கும் காப்பீடும் தரப்பட்டன. இலவசம் பெற்றவர்கள், 95 சதவீதப் பிரிவினரைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதலாகச் செலவு வைத்தார்கள், ஆனால் சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. சந்தை ஆதரவாளர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். அதே ஆய்வு இன்னும் இரண்டைக் காட்டியது. கைக்காசு கொடுத்தவர்கள் தேவையற்ற சிகிச்சையை மட்டும் தவிர்க்கவில்லை, தேவையானதையும் அதே அளவுக்குத் தவிர்த்தார்கள். ஏழையாகவும் நோயாளியாகவும் இருந்தவர்களுக்கு, குறிப்பாக உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, இலவச மருத்துவம் தெளிவான நன்மை செய்தது. விலை ஒரு வடிகட்டி என்றால், அது நோயின் கடுமையைப் பார்த்து வடிகட்டுவதில்லை. பையில் இருக்கும் பணத்தைப் பார்த்து வடிகட்டுகிறது.

இனி மறுபக்கம். நலமாக இருக்கும்போது வாங்கிச் சேர்ப்பது என்ற யோசனையைச் சட்டமாக்கி முதலில் நாடு முழுவதும் கொண்டுவந்தது 1883இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி. தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் ஒரு பங்கை நோய் நிதியில் செலுத்தினார்கள். பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது வீடுகளுக்கு அனுப்பப்பட்ட துண்டறிக்கை, இது தர்மம் இல்லை, வரி செலுத்துபவர்கள் என்ற முறையில் நீங்கள் எல்லோருமே இதற்குப் பணம் கொடுக்கிறீர்கள், நோயுற்ற காலத்தில் பணக்கவலையிலிருந்து இது உங்களை விடுவிக்கும் என்ற பொருளில் மக்களிடம் பேசியது. பொதுநிதி மருத்துவத்துக்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் படித்ததில்லை. இலவசம் என்ற சொல்லை அரசியல்வாதிகள் அள்ளி வீசுவதால், கொடுப்பவர் அரசு, வாங்குபவர் ஏழை என்ற எண்ணம் படிந்துவிட்டது. உண்மையில் பணம் முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது.

நிதி பொதுவாக இருக்க வேண்டும் என்றால் மருத்துவர் அரசு ஊழியராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 1962 ஜூலை 1 அன்று பொது மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியபோது, மருத்துவர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இறுதியில் எட்டிய உடன்பாடு, மருத்துவர்கள் சுயமாகத் தொழில் செய்யலாம், கட்டணத்தை மட்டும் பொதுத் திட்டம் கொடுக்கும் என்பதற்கு இடம் தந்தது. பத்தாண்டுகளுக்குள் நாடு முழுவதும் அது பரவியது. தைவான் 1995இல் ஒரே தேசியக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. அங்கே மருத்துவமனைகளில் பெரும்பாலானவை தனியாருடையவை, நோயாளி விரும்பிய இடத்துக்குப் போகலாம். தாய்லாந்து 2002இல், ஒரு முறை மருத்துவரைப் பார்க்க 30 பாட் என்ற திட்டத்தின் மூலம், காப்பீடு எதுவும் இல்லாதிருந்த சுமார் ஒரு கோடியே 80 லட்சம் பேரை உள்ளே கொண்டுவந்தது. நாடு பணக்கார நாடாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று அது காத்திருக்கவில்லை.

சந்தை ஆதரவாளர்கள் விரும்பிச் சுட்டும் சிங்கப்பூரையும் சுவிட்சர்லாந்தையும் அருகில் சென்று பார்த்தால், அவையும் இந்தப் பக்கமே நிற்கின்றன. சிங்கப்பூரில் 1984 முதல் ஊதியத்தில் ஒரு பங்கு மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குக் கட்டாயமாகச் செல்கிறது. மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பாலானவை பொதுத்துறையின் கையில் இருக்கின்றன, எளிய வார்டுகளுக்கு அரசு பெரும் மானியம் தருகிறது. சுவிட்சர்லாந்தில் 1996 முதல் காப்பீடு எல்லோருக்கும் கட்டாயம். காப்பீட்டு நிறுவனங்கள் யாரையும் மறுக்கக் கூடாது, அடிப்படைக் காப்பீட்டில் லாபம் எடுக்கவும் கூடாது. இவற்றில் போட்டி இருக்கிறது, தேர்வு இருக்கிறது. ஆனால் நோயாளியைக் கழித்துக்கட்டும் சுதந்திரம் யாருக்கும் இல்லை.

பொதுநிதி மருத்துவத்தின் பெரிய குறை காத்திருப்பு. இதை மழுப்பிப் பேசும் ஆதரவாளர்கள் தங்கள் தரப்புக்குத் தீங்கே செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2023இல் சிகிச்சைக்கான காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்காக ஓராண்டு காத்திருப்பவர், கைக்காசாகக் கொடுக்காத விலையை வலியாகக் கொடுக்கிறார். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005இல் கியூபெக் மாகாணம் தொடர்பான வழக்கில், நீண்ட காத்திருப்பு நிலவும்போது தனியார் காப்பீட்டைத் தடைசெய்வது அம்மாகாணத்தின் உரிமைச் சாசனத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தை என்னால் மறுக்க முடியவில்லை. சிகிச்சை தருவதாகச் சொல்லிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்ட அமைப்பு, உரிய நேரத்தில் அதைத் தராவிட்டால், அது தன் வாக்கை மீறுகிறது.

ஆனால் வசதியுள்ளவர்கள் வரிசையை விட்டு வெளியேறிவிடுவதுதான் இதற்குத் தீர்வு என்பதை நான் ஏற்கவில்லை. வெளியேறுபவர்களோடு அமைச்சரிடம் பேசக்கூடிய குரலும், செய்தித்தாளுக்கு எழுதக்கூடிய பேனாவும் வெளியேறிவிடுகின்றன. வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் நடுவே பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல், நல்ல மருத்துவம் எங்கே மிகவும் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்றும், சந்தைச் சக்திகளுக்கு மருத்துவம் எவ்வளவு திறந்துவிடப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த நிலை மோசமாகிறது என்றும் எழுதினார். அரசு மருத்துவமனையை ஏழைகளுக்கு மட்டுமானது என்று ஒதுக்கிவிட்ட எந்த நாட்டிலும், அதன் கூரை ஒழுகுவதைக் கேட்க ஆள் இருப்பதில்லை.

எந்த நிதிக்கும் எல்லை உண்டு என்பதால், ஏதோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். இந்த விவாதத்தில் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுவது இதுதான். இங்கிலாந்தில் எந்த மருந்துக்குப் பொதுநிதியைச் செலவிடலாம் என்று மதிப்பிட 1999இல் அமைக்கப்பட்ட நைஸ் என்ற அமைப்பு, ஒரு மருந்து தரும் கூடுதல் ஆயுளையும் அந்த ஆயுளின் தரத்தையும் கணக்கிட்டு, நலமான ஓராண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை செலவிடலாம் என்ற அளவை நெடுங்காலம் வைத்திருந்தது. சில மாதங்கள் ஆயுளை நீட்டிக்கும் விலையுயர்ந்த புற்றுநோய் மருந்துகளை அது நிராகரித்தபோது, ஒரு தாயின் உயிருக்கு விலை வைக்கிறார்களா என்று மக்கள் கொதித்தார்கள். அந்தக் கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆயினும் சந்தையிலும் அதே தாய்க்கு அதே மறுப்பு வரும். விலைச்சீட்டைப் பார்த்த மகன் தனக்குத்தானே அதைச் சொல்லிக்கொள்வான், எதிர்த்து முறையிட அவனுக்கு ஓர் அலுவலகம் இருக்காது.

இங்கிலாந்தில் முறையிட இடம் இருந்தது. நைஸ் நிராகரித்த மருந்துகளை வழங்க 2011இல் அரசு தனிப் புற்றுநோய் மருந்து நிதி ஒன்றை ஏற்படுத்தியது. அது ஒதுக்கீட்டைத் தாண்டிச் செலவு வைத்தது. அதில் வழங்கப்பட்ட மருந்துகளில் பல, நோயாளிகளுக்கும் சமூகத்துக்கும் பொருட்படுத்தத்தக்க பலன் தரவில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு முடிவு கூறியது. அதற்கு முன்பே, 2016இல், நிதியின் விதிகள் மாற்றப்பட்டன. நம்பிக்கை தரும் புதிய மருந்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வழங்குவது, அந்தக் காலத்தில் பலனைப் பதிவு செய்வது, பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்று நைஸ் முடிவு செய்வது என்ற ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பதற்கான ஆவணங்கள், காரணங்களோடு யாரும் எடுத்துப் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன. நோயாளிகளின் அமைப்புகள் அவற்றைப் படித்துத் தங்கள் தரப்பை எழுதி அனுப்புகின்றன, சில வேளைகளில் முடிவு மாறுகிறது, பல வேளைகளில் மாறுவதில்லை.